ஆறாவது இதழ்

— இரையுதாளா?

— இரையுது.

— நல்லாக் கேட்டுச் சொல்லு. எனக்கு வலது காது போயிட்டு, இடது காதுக்குள்ள எப்பவும் கடல் இரைஞ்சிக்கிட்டே கெடக்கு. உன் காதுதான் எனக்கும் காது, கேட்டியா. பெட்டிக்குப் பக்கத்துல போயி நின்னு கேளு, பிளாரன்சு.

— இங்கன நின்னாலே கேக்குது. பெட்டிக்குள்ள தேனீ இரையுது. போதுமா?

— மூஞ்சியத் திருப்பிக்கிட்டுச் சொல்லாத. வாயப் பாத்தாத்தான் எனக்கு வெளங்கும்.

— தேனீ இரையுதுன்னேன்.

— நேத்தயவிடக் கூடவா, கொறவா?

— நேத்து மாரிதான்.

— நேத்தும் இதத்தான் சொன்ன. முந்தாநாளும் இதத்தான் சொன்ன.

— தெனமும் ஒண்ணு போல இரைஞ்சா நான் என்ன செய்ய? நீரு மொதல்ல இந்தக் கல்லுல உக்காரும். காலு நடுங்குது பாரும்.

— நடுங்கட்டும். பங்குனியிலருந்து அது நடுங்கிக்கிட்டுதான் இருக்கு. வீரபாகு அண்ணாச்சி இந்தத் தேன் பெட்டியத் தாரப்பவே என்ன சொன்னாரு? தெறந்து பாக்காத சிலுவ, தெறந்தா ஓடிரும், வெளிய நின்னு இரைச்சல் இருக்கான்னு மட்டும் கேளுன்னாரு. செவிட்டுப் பயகிட்ட வந்து இரைச்சலக் கேளுங்காரு. எனக்குச் சிரிப்பா வந்துது.

— அதுக்குத்தான நான் இருக்கேன்.

— ஆமா, நீ இருக்க. மணி என்னாச்சு?

— எட்டர ஆவப் போவுது.

— உன் தம்பி எப்ப வாரேன்னான்?

— ஒம்பதுக்கு. கூடப் பொறந்தவன்தான், இல்லன்னு சொல்லல. ஆனா அவன் வாரேன்னு சொன்னதுலருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடல. ராத்திரி முழுக்கப் பொட்டுத் தூக்கம் இல்ல.

— பவுலு என்ன செய்வான்? நாளைக்குச் சவேரியார் திருநாள். திருநாள் முடிஞ்ச மறுநாள் அவன் வள்ளம் சங்கு குளிக்கப் போவுது. நான் வாரனா இல்லயான்னு இன்னைக்கிச் சொல்லணும். சொல்லுதேன்னு சொல்லியிருக்கேன்.

— வரலன்னு சொல்லிரும்.

— காயப் பாத்துட்டுச் சொல்லுவேன். என் பேச்சு ஒரே பேச்சுதான், கேட்டியா. காய் பிடிச்சா கர. பிடிக்கலன்னா கடல்.

— டாக்டரு சொன்னது மறந்து போச்சோ? இன்னொரு தடவ அடியில போனா மேல வாரது உடம்பு மட்டுந்தான்னு சொல்லல? எங்கிட்டயும்தான சொன்னாரு. நீரு படுத்துக் கெடக்கீரு, நான் உம்ம செருப்பக் கையில வச்சிக்கிட்டு நிக்கேன்.

— அன்னைக்கிக் காத்து ஓசு மடங்கிட்டு. காத்து வரல. பத்துப் பாகம் ஆழத்துலருந்து ஒரே மூச்சுல மேல வந்தா யாருக்குன்னாலும் அப்படித்தான் ஆவும். அது வேற.

— அது வேற இல்ல. அதுதான்.

— சரி, விடு. கம்ப எடு.

— என்னத்துக்கு?

— நடந்து பாக்கப் போறேன். மூணு வாரமா இந்தக் கல்லுல உக்காந்து, நீ எண்ணிச் சொல்லுத கணக்க மட்டும் கேட்டுக்கிட்டு இருக்கேன். எழுவது காய்ங்குத, தொண்ணூறு காய்ங்குத. இன்னைக்கி என் கண்ணால பாத்துட்டுத்தான் பவுலுகிட்டப் பேசணும்.

— வேண்டாம். ராத்திரி மழையில வரப்பெல்லாம் வழுக்குது.

— உப்புக் கெடந்த மண்ணு. எங்க வழுக்கும்? எடுளா கம்ப.

— அந்த மூலையில பாம்புச் சட்ட கெடக்குன்னு சொன்னேன்லா.

— அந்த மூலைக்கு நான் போவல. அந்த முள்ளு ஓடை மரத்தடிக்குப் போவ என் காலு கேக்காது. கிட்ட இருக்க இந்த நாலு வரிசயப் பாத்தாப் போதும்.

— சாயங்காலம் பாக்கலாம்யா. காலையில ஒண்ணும் திங்கல நீரு.

— உனக்கு என்ன வந்துது? காய் பிடிச்சிருக்குன்னு நீதான சொல்லுத. நான் பாத்தா சந்தோசந்தான பட்டுக்கணும்? முட்டுக்கட்ட போடுத.

— போடல. பைய வாரும். என் தோளப் பிடிச்சிக்கிடும்.

— கையக் குடேன்.

— தோளப் பிடியும்னேன்.

— சரி. அடே, பாரு. கார்த்திக மாசம் கார்த்திகப்பூ எப்படி நிக்கி. மேல சிவப்பு, அடியில மஞ்ச. கம்பியப் பிடிச்சி ஏறியிருக்கத எங்க அய்யா பாக்கணும். இந்த ஓடங்காட்டுல முள்ளுக்குள்ள கெடந்த கெழங்கு, கேட்டியா. ஆடு திங்காது, மாடு திங்காது, பிள்ளைங்க தொட்டாக் கூட வெரட்டுவாங்க. விசம்னு. அதத் தோண்டி எடுத்து நட்டு, மருந்து கம்பெனிக்கி வெத விக்கப் போறேன்னப்ப ஊரே சிரிச்சிது.

— நான் சிரிக்கல.

— நீ சிரிக்கல. இந்தா, காய். பிளாரன்சு, காய் பாரு. என் வெரல் தண்டி இருக்கு.

— இருக்கும். சொன்னேன்லா.

— இதுலயும் இருக்கு. இதுலயும். ஏளா, எல்லாத்துலயும் காய் நிக்குதே. நான் என் கையால தொட்டு வச்சப்ப நாப்பது பூ நாசமாப் போச்சு, ஞாபகம் இருக்கா?

— மறக்குமா?

— பூவுக்குள்ள பக்கவாட்டுல நீட்டிக்கிட்டு நிக்குமே ஒரு நாக்கு, அதுல மஞ்சத் தூளத் தொட்டு வச்சாத்தான் காய் பிடிக்கும். அவ்வளவுதான் வேல. என் வெரலு மரத்துப் போயிட்டு. பிடிச்சிருக்கனா விட்டுட்டனான்னு எனக்கே தெரியல. நாக்கெல்லாம் ஒடிச்சிட்டேன். அன்னைக்கி அழுதேன், உங்கிட்டச் சொல்லல.

— பாத்தேன்.

— பாத்தியா?

— பாத்துட்டுத்தான் மறுநாள் நான் தொட வந்தேன். நாலு நாளுல கையி கொப்பளிச்சிட்டு. நீரு உடனே மாதா மேல ஆண போட்டீரு.

— போட்டேன். இந்தப் பூவு சாறு உனக்கு ஆவல. நீ இன்னொரு தடவ இதத் தொட்டா மறுநாளே நான் கடலுக்குப் போவேன்னு ஆண போட்டேன். அதனாலதான வீரபாகு அண்ணாச்சி வீட்டுக்கு நடயா நடந்து அந்தப் பெட்டிய வாங்கிட்டு வந்தோம். அந்தா, இப்ப தேனீ வந்து எல்லாத்தையும் தொட்டுட்டுப் போயிருக்கு. மனுசன் கையவிட ஈ காலு நல்லா வேல செய்யுது.

— பாத்தாச்சுல்லா. வாரும், போயி உக்காருவோம். ஒம்பதர பஸ்ஸ விட்டா ரெண்டு மணிக்கித்தான் அடுத்த பஸ்ஸு.

— இரு.

— என்ன?

— இரு, ஒண்ணு எண்ணுதேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு.

— என்னத்த எண்ணுதீரு?

— இந்தப் பூவுக்கு இதழு எத்தன?

— எனக்கென்ன தெரியும்?

— ஆறு. எங்கயும் ஆறுதான். காய் வந்தாலும் இதழு உதிராது, சிவந்து சுருங்கிக் காயோடயே ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். இதுல அஞ்சுதான் இருக்கு.

— காத்துல விழுந்திருக்கும்.

— அடுத்ததுலயும் அஞ்சு.

— மழ பேஞ்சிதுல்லா ராத்திரி.

— இதுல அஞ்சு. இதுல அஞ்சு. இதுலயும் அஞ்சு. பிளாரன்சு, மழ வந்து ஒவ்வொரு பூவுலயும் ஒரு இதழு மட்டும் எண்ணி எடுத்துட்டுப் போவுமா?

— எனக்குத் தெரியாது.

— இங்க திரும்பு. வாயக் காட்டாமப் பேசாத. இது கிள்ளுன தடம். நகம் பட்ட தடம். போன வருசம் ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் பேச்சிச்செல்வி தோட்டத்துல நீ பூவுக்குத் தூளு தொட்டு வைக்குத கூலிக்குப் போனப்ப என்ன சொன்ன? வரிசைக்கி ரெண்டு பொம்பளைங்க. ஒருத்தி தொட்ட பூவ இன்னொருத்தி திரும்பத் தொட்டா வேல வீணு. அதனால தொட்டு முடிச்ச பூவுல ஒரு இதழக் கிள்ளிப் போட்டுருவோம்னு சொன்னியா இல்லயா?

— சொன்னேன்.

— யாரு கிள்ளுனா?

— பழக்கதோசம்யா. இங்கன நான் ஒருத்திதான், கிள்ளவே வேண்டாம். கையி தானா கிள்ளிட்டு.

— கையக் காட்டு.

— வேண்டாம்.

— முந்தானைக்குள்ள என்னத்துக்கு ஒளிச்சி வச்சிருக்க? காட்டுளா.

— காட்டுனா நீரு தாங்க மாட்டீரு.

— காட்டு.

— இந்தா. பாத்துக்கிடும்.

— மாதாவே. இது என்ன? நகமெல்லாம் கறுத்துப் போயி, தோலு உரிஞ்சி... மூணு வாரமா கரண்டி வச்சிச் சோறு திங்க. மஞ்ச அரச்ச கை எரியுதுன்ன. நானும் நம்புனேன்.

— கையால தின்னா சாறு வயித்துக்குள்ள போயிரும்னு பயம். அதான் கரண்டி.

— எப்ப வந்த? நான் எட்டு மணிக்கித்தான வாரேன்.

— அஞ்சரைக்கி.

— அஞ்சரைக்கி நீ காலப் பூசைக்கில்லா போன?

— போவல. பூச முடிஞ்சி நேரே தோட்டத்துக்கு வாரேன்னு சொல்லிட்டு மொத பஸ்ஸுல இங்கன வந்துருவேன். நீரு வாரதுக்குள்ள முடிச்சிட்டு, கையக் கழுவிட்டு, அந்தக் கல்லுகிட்ட நின்னுக்கிடுவேன்.

— பங்குச்சாமி அன்னைக்கிக் கேட்டாரு. உன் வீட்டுக்காரியப் பூசையில காணமேப்பான்னு. எனக்குத்தான் காது சரியில்ல, ஏதோ வேற கேக்காருன்னு தலய ஆட்டிட்டு வந்தேன். சரி. பெட்டியில ஈ இருக்கா?

— இல்ல.

— எப்பத்துலருந்து?

— வச்ச மூணாம் நாளு. மேக்க உள்ள தோட்டத்துல மருந்தடிச்சாங்க. மறுநாள் வெள்ளன வந்து பாக்கேன், பெட்டி வாசல்ல குமிஞ்சி கெடக்கு. ஒரு மொறம் நெறைய அள்ளி அந்த வேலிகிட்டப் பொதச்சேன்.

— அப்பம் இரையுது, இரையுதுன்னு தெனமும் சொன்னது?

— பொய்தான்.

— இப்பம் கொஞ்சம் முன்ன சொன்னது?

— அதுவும் பொய்தான்.

— உன் காத நம்பித்தாளா நான் இருக்கேன். ரோட்டுல லாரி வருதான்னு உன்னத்தான் கேக்கேன். ஆஸ்பத்திரியில என்ன சொல்லுதாங்கன்னு உன்னத்தான் கேக்கேன். எனக்கு இருக்க ஒரே காது நீ. அந்தக் காதே என்னய ஏமாத்துனா நான் எங்க போவேன்?

— எனக்கு வேற என்ன வழி இருந்துது? நான் தொடலன்னா காய் இல்ல. காய் இல்லன்னா நீரு கடலுக்குப் போவீரு. தொட்டாலும் ஆணைக்குப் போவீரு. எந்தப் பக்கம் திரும்புனாலும் கடலுதான் நிக்கி. உமக்குத் தெரியாமத் தொட்டா ஒரு வழி இருக்குன்னு நெனச்சேன். கை போனாப் போவட்டும். புருசன் இருப்பான்லா.

— அழாத.

— அழல. எரியுது.

— இன்னும் எத்தன நாள் பூக்கும் இது?

— ஒரு மாசம் பூக்கும். மொட்டு இன்னும் அவ்வளவு கெடக்கு.

— ஒரு மாசம். அதுவரைக்கும் நீ தெனமும் வந்து தொடணும்.

— தொடுவேன்.

— வெரலே இருக்காது உனக்கு.

— உமக்கு உசுரே இருக்காது. எது பெருசு?

— உன் கையி அழுவ, நான் இந்தக் கல்லுல மகாராசா மாரி உக்காந்துக்கிட்டு, இரையுதா இரையுதான்னு கேட்டுக்கிட்டு இருக்கவா? ஆம்பளன்னு சொல்லிக்கிட்டுத் திரியவா? முடியாது, பிளாரன்சு. கோவத்துல சொல்லல, ஆணைக்காகவும் சொல்லல. இன்னையோட இந்தத் தோட்டம் போதும்.

— அய்யோ, அப்படிச் சொல்லாதீரும்.

— யாரோ வாராங்க பாரு. வண்டி நிக்கி.

— பவுலுதான். எமன் மாரி சரியான நேரத்துக்கு வாரான்.

— என்னக்கா, வந்ததும் வராததுமா என்னய எமன்னு சொல்லுத. மச்சான், நல்லா இருக்கீரா?

— என்னளா சொல்லுதான்?

— நல்லா இருக்கீரான்னு கேக்கான்.

— நல்லா இருக்கேன்லே. வள்ளத்துல எடம் இருக்கா?

— சும்மா சொல்லக் கூடாது மச்சான், உமக்கு இல்லாத எடமா? நீரு குளிக்க வேண்டாம். வள்ளத்துல உக்காந்து, கடலடியில சங்குப் பாரு எங்கன கெடக்குன்னு எடம் மட்டும் காட்டும். போன மாசம் மூணு நாள் சுத்துனோம், வெறும் மண்ணுதான். அடியில சங்கு கெடக்க எடம் உமக்கு அத்துப்படி. அதான் கேக்கேன். வேற ஒண்ணுக்கும் இல்ல.

— பவுலு, இவரப் பாத்தா வள்ளத்துல சும்மா உக்காந்திருக்க ஆளு மாரியாலே இருக்கு? பயலுவ ரெண்டு தடவ வெறுங்கையோட மேல வந்தா, தள்ளுங்கலேன்னு இவரே குதிச்சிருவாரு.

— கயிறு போட்டுக் கட்டி வச்சிருதேங்க்கா.

— வெளையாடாத. எனக்குச் செத்துருவோம் போல வருது.

— என்னக்கா, கையெல்லாம் என்ன இப்படி?

— கேக்காத. மச்சான்கிட்டக் கேளு.

— நான் சொல்லுதேன். பெட்டியில உள்ள ஈ பூரா மருந்துல செத்துட்டு. இந்தத் தோட்டத்துக்கு ஒரு பூச்சி வரல. இங்க இருக்க ஒவ்வொரு காயும் உங்க அக்கா கையி. எனக்குத் தெரியாம மூணு வாரம் தொட்டிருக்கா, கேட்டியா. இன்னும் ஒரு மாசம் தொட்டா இவ கையில சோத்தப் பெசைய வெரல் மிஞ்சாது. அதனால நான் வாரேன். திருநாள் முடிஞ்ச மறுநாள் எத்தன மணிக்கி?

— நாலு மணிக்கி எறங்குதோம். ஆனா மச்சான்...

— என்னலே, ஆனா?

— பூச்சி வரலன்னு யாரு சொன்னா?

— என்னளா சொல்லுதான்? வாயி சரியாத் தெரியல.

— பூச்சி வரலன்னு யாரு சொன்னான்னு கேக்கான். பவுலு, அவரப் பாத்துச் சொல்லு.

— நேத்து உம்மளத் தேடி இங்கன வந்தேன் மச்சான். மணி பதினொண்ணு இருக்கும். உங்க ரெண்டு பேரையும் காணோம்.

— ஒம்பதர பஸ்ஸுல போயிருவோம். அத விட்டா ரெண்டு மணி.

— அதான். வெயிலு நல்லா ஏறிட்டு. போறதா நிக்கதான்னு யோசிச்சிக்கிட்டு, அந்தா அந்த மூலையில ஓடை மரத்தடியில கொஞ்சம் உக்காந்தேன். உக்கார விடல. மூஞ்சியில வந்து வந்து அடிக்குது பட்டாம்பூச்சி. கறுப்பும் செவப்புமா ஒண்ணு, மஞ்ச ஒண்ணு, பெருசு பெருசா. என் மவ ஜெஸ்லினுக்குக் காட்டணும்னு செல்போன எடுத்தேன், ஒண்ணு ஒரு எடத்துல நின்னாத்தான எடுக்க?

— பட்டாம்பூச்சி தேனக் குடிக்க வரும், குடிச்சிட்டுப் போவும். அதுக்கும் காய்க்கும் என்ன?

— எனக்கு என்ன தெரியும் மச்சான், நான் கடல்காரன். றெக்கை பூரா மஞ்சத் தூளு. என் சட்டையில கூட ஒட்டிட்டு, வீட்டுல என்ன கறன்னு கேட்டா. மரத்து மேல ஏறிக் கெடக்க கொடியில காய் வேற தொங்குது. சரி, மச்சானுக்குத் தோட்டம் நல்லா வந்துட்டு, இனிம எங்க கடலுக்கு வரப்போறாருன்னு நெனச்சிக்கிட்டுத்தான் போனேன். இன்னைக்கி வந்தா நீரு வாரேங்கீரு.

— எந்தக் கொடி?

— ஓடை மரத்துக் கொடிதான்.

— பிளாரன்சு, அது நாம நட்டதே இல்ல. காட்டுலயே கெடந்த தாய்க்கெழங்கு அது. அதத் தோண்ட வேண்டாம், கெடக்கட்டும்னு விட்டேன்லா. அங்கயும் போயித் தொட்டியா?

— இல்ல.

— உண்மையச் சொல்லு.

— பாம்புச் சட்டயப் பாத்த நாளுலருந்து அந்த மூலைக்கி நான் கால் வைக்கல. மாதா மேல ஆணையா வைக்கல.

— நீ போவல. நானும் போவல.

— ஆமா.

— பவுலு, ஓடு. போயி அந்தக் கொடியில ஒரு காயப் பாரு. பறிக்காத. காயி அடியில சுருங்கிக் கெடக்க இதழு எத்தனன்னு எண்ணிச் சொல்லு.

— டைம் ஆவுது மச்சான், டீசல் போடணும்.

— போலே.

— சரி, போறேன். பாம்பு கீம்பு இருந்தா உம்ம மேலதான் கேசு.

— பஸ்ஸு சத்தம் கேக்குது. ஒம்பதர பஸ்ஸு போவுது.

— போவட்டும். அவன் என்ன செய்யுதான்?

— குனிஞ்சி பாக்கான். ஏதோ காயத் திருப்பித் திருப்பிப் பாக்கான்.

— ஆறு.

— என்ன சொல்லுதான்? கத்துதான்லா, என்ன சொல்லுதான்?

— ஆறுங்கான்.

— என்னது?

— ஆறு. ஆறு இதழுங்கான்.

— உன் வாயி சொல்லுதா, அவன் வாயி சொல்லுதா?

— அவன்தான்யா சொல்லுதான். நான் ஏன்...

— மூணு வாரம் இரையுதுன்னு சொன்ன வாயி அது. எப்படி நம்புவேன்? கம்பக் குடு. நானே போறேன்.

— அவ்வளவு தூரம் உம்மால நடக்க முடியாது.

— பத்துப் பாகம் கடல்ல எறங்குனவன். நாப்பது அடி நடக்க மாட்டனா? பவுலு, வந்து இந்தப் பக்கம் பிடிலே. பிளாரன்சு, நீ தோளக் குடு. கை வேண்டாம்.

— பைய. வேரு கெடக்கு. இங்கன காலத் தூக்கி வையும்.

— எங்க காயி?

— உம்ம மூஞ்சிக்கு நேரே தொங்குது மச்சான். பெருசா இருக்குல்லா?

— பேசாத, எண்ணுதேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு.

— இதுலயும் பாரும்.

— ஆறு. கிள்ளுன தடம் இல்ல. நகம் படல.

— இந்தா, மேல உள்ளதுலயும் ஆறு. எல்லாத்துலயும் காய் இல்ல மச்சான், சும்மா சொல்லக் கூடாது. இது காஞ்சி போச்சு. இதுவும் காஞ்சி போச்சு. பாதிக்குப் பாதி தேறும்.

— பாதி போதும்லே. பாதி தானா வருதுல்லா. கூறு கெட்ட பய நான். நாம வாரதுக்கு முன்ன இந்தக் காட்டுல இது எப்படிக் காய்ச்சிது? யாரு வந்து தொட்டா? ஒரு நாளு அத யோசிச்சனா? ஈ வரணும், ஈ இரையணும்னு பெட்டியக் கட்டிக்கிட்டுக் கெடந்தேன்.

— நானும் யோசிக்கலியே. இருட்டோட வந்தேன், பனியில தொட்டேன், வெயில் ஏறும் முன்ன பஸ்ஸப் பிடிச்சிப் போயிட்டேன். ஒரு நாளாவது பதினோரு மணிக்கி இங்கன நின்னிருந்தா...

— உன் மேல என்ன தப்பு? எனக்குக் கண்ணு நல்லாத்தான இருக்கு. கண்ண மூடிக்கிட்டு உன் காதுகிட்டக் கேட்டேன்.

— மச்சான், அப்பம் நாலு மணிக்கி?

— வரல.

— அக்காவுக்கு இப்பத்தான் மூச்சு வருது. சரி மச்சான். ஆனா அந்தச் சங்குப் பாரு எங்கன கெடக்குன்னு...

— பேனா இருக்கா? பீடிக் கட்டு அட்ட இருந்தாலும் சரி. கரைக் கோயில் கோபுரத்தையும் தொறமுகத்துக் கடைசி வெளக்கையும் எப்படி ஒரே நேரா வச்சி அடையாளம் பிடிக்கணும்னு படம் போட்டுத் தாரேன். குருட்டுக் கோழியும் கண்டுபிடிச்சிரும்.

— நான் உம்ம மச்சினன்.

— அதுக்குத்தான் கழுதன்னு சொல்லாமக் கோழின்னேன். பிளாரன்சு, இனிம நீ ஒரு பூவத் தொடக் கூடாது.

— தொட மாட்டேன்.

— பூசைக்குப் போவணும்.

— போறேன்.

— பாவசங்கீர்த்தனமும் செய்யணும். ஏகப்பட்ட பொய்யி.

— அந்த மேக்குத் தோட்டத்துக்காரங்ககிட்ட நாளைக்கி நீரும் வந்து பேசணும். மறுபடியும் மருந்தடிச்சா இதுவும் செத்துரும். எனக்கு இப்பம் அந்தப் பயம் பிடிச்சிட்டு.

— பேசுவேன். கால்ல விழவும் செய்வேன். இப்பம் உக்காரு. எங்கன பாம்புச் சட்ட?

— அந்தா, போன மாசத்துது. காஞ்சி போயிட்டு.

— அப்பம் உக்காரு. ரெண்டு மணி பஸ்ஸுக்குப் போவோம். வெயிலு ஏறட்டும். பவுலு, நீயும் உக்காரு.

— டைம் ஆவுது மச்சான். சரி, அஞ்சு நிமிசம்.

— அஞ்சு நிமிசம்னுட்டு ஒரு மணி நேரமா உக்காந்துட்டான் பாரு. அந்தா. வருது.

— எங்க?

— உனக்குப் பின்னால. திரும்பாத. வேலிக்கி மேல வருது. ரெண்டு. இல்ல, மூணு வருது. ஒண்ணு பூவுல எறங்குது, பவுலு, றெக்கைய எப்படி அடிக்கி பாரு, நாக்குல உரசுது. அசையாத பிளாரன்சு, உன் தோளுல ஒண்ணு உக்காந்திருக்கு.

— எனக்குத் தெரியவே இல்லியே.

— பிளாரன்சு.

— என்ன?

— இரையுதாளா?

— இல்லய்யா. மாதா சத்தியமா, ஒண்ணுமே இரையல.